வாயில் மிஞ்சிய ஜெபம்

எனக்குப் பேச்சு போன அன்று பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்களில் பிழையில்லை. மட்டக்களப்பிலிருந்து கரடியனாற்றுக்கு ஓடும் தனியார் பஸ்ஸில் இருபத்திரண்டு வருடங்கள் நான் கொண்டக்டர். பகிடி விடாமல் ஒரு பயணமும் போனதில்லை. ஊர்ப் பெயர்களைத் திருப்பிப் போட்டுக் கூவுவேன், பாட்டாக இழுப்பேன், நித்திரை கொள்கிறவரின் காதருகே போய் அவர் இறங்கும் இடத்தை மெதுவாகச் சொல்வேன். அதனால் அன்று காலை ஏறாவூரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, மிதிபலகையில் நின்று, "செங்கலடி, கரடியனாறு" என்று கூவ வாயைத் திறந்தபோது, கல்லும் மண்ணும் கலந்தது போல ஏதோ ஒரு சத்தம் வந்ததும், அதுவும் என்னுடைய கூத்துகளில் ஒன்று என்றே நினைத்தார்கள்.

நானும் சிரிக்கப் பார்த்தேன். பாதி முகம்தான் சிரித்தது. வலது கையிலிருந்த டிக்கட் புத்தகம் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கக் கை வரவில்லை.

முன் இருக்கையில் புடவை மூட்டையோடு இருந்த ஏறாவூர்ப் பெண்மணிதான் முதலில் கண்டுபிடித்தார்.

"சிரிக்காதீங்க! வாய் ஒரு பக்கம் இழுத்திரிக்கி, பாருங்க!"

டிரைவர் திரும்பிப் பார்த்தான். பிறகு அவன் செய்ததை இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் கதைக்கிறார்கள். "எல்லாரும் இருந்தபடி இரிங்க. பஸ் ஆஸ்பத்திரிக்குப் போகுது" என்று சொல்லிவிட்டு, முழு பஸ்ஸையும் நடுவீதியில் திருப்பினான். இறங்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. வயலுக்குப் போகிறவர்களும், பாடசாலைக்குப் போகிற ஆசிரியைமாரும், கோழிக்கூடு வைத்திருந்த ஒருவரும் சேர்ந்து என்னை மட்டக்களப்பு ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கினார்கள். இவ்வளவு ஆட்கள் கூட்டிவந்த நோயாளியை அதற்கு முன்னர் பார்த்ததில்லை என்று வாசலில் நின்ற காவலாளி பிறகு என் மனைவியிடம் சொன்னாராம்.

மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் ஒன்றில் அடைப்பு. விரைவாகக் கொண்டுவந்ததால் உயிர் தப்பிவிட்டது, காலும் ஓரளவு தப்பிவிட்டது. வலது கை பாதி. பேச்சு முழுதாகப் போய்விட்டது.

அது எப்படியிருக்கும் என்று சொல்வது கஷ்டம். எனக்கு எல்லாம் விளங்கியது. கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் கதைப்பது விளங்கியது, தண்ணீர் வேண்டும் என்பது தெரிந்தது, தண்ணீரின் குளிர்கூட நாக்கில் தெரிந்தது. "தண்ணி" என்ற சொல்தான் இல்லை. இருந்த இடம் வெறுமையாய்க் கிடந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்தேன். முப்பது வருடங்களாகப் பார்த்த முகம். அவளைக் கூப்பிடத் தெரியவில்லை.

அவள் நாவற்குடாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலே சிறுபிள்ளைகள் பள்ளியொன்றில் ஆசிரியை. அழுகிற பிள்ளைகளோடு பழகியவள் என்பதால் என் முன்னால் அழவில்லை. அழுதது எனக்குத் தெரியும். கண்ணைக் கழுவிக்கொண்டு வந்தால் அவளுடைய நெற்றி மயிர் நனைந்திருக்கும்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ மத்தியானம், வீட்டிலிருந்து சோற்றுக் கஞ்சி கொண்டுவந்தாள். கட்டிலில் என்னை நிமிர்த்தி உட்கார வைத்து, கிண்ணத்தை என் முன்னால் வைத்து, தலையைக் குனிந்தாள். எங்கள் வீட்டில் சாப்பிட முன்னர் சொல்லும் ஜெபம் ஒன்று உண்டு. யார் ஆக்கியது என்று தெரியாது. நான் பிறந்த வீட்டிலும் அதுதான். "ஆண்டவரே," என்று அவள் தொடங்கினாள்.

"இந்தச் சோத்துக்கும் இந்தத் தண்ணிக்கும் தோத்திரம்," என்றது ஒரு குரல். "சமைச்ச கைய ஆசீர்வதியும். பசிச்ச வயித்த மறவாதேயும். பிந்தி வாறவருக்கும் பங்கு வையும். ஆமென்."

குரல் என்னுடையது. ஒரு எழுத்துப் பிசகவில்லை.

கரண்டி அவள் கையிலிருந்து விழுந்து கட்டிலுக்கு அடியில் ஓடியது. "இன்னொருக்காச் சொல்லுங்க! என்னெண்டாலும் சொல்லுங்க! என்ர பேரச் சொல்லுங்க!" என்றாள். வாயைத் திறந்தேன். பழைய கல்லும் மண்ணும்தான் வந்தன. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. எழுந்து ஓடிப்போய்த் தாதியைக் கூட்டிவந்தாள். தாதி டொக்டரைக் கூட்டிவந்தார். டொக்டர் முன்னால் ஒன்றுமே வரவில்லை. அவர் தலையாட்டிக்கொண்டு போகப் பார்த்தபோது, அந்தத் தாதிக்கு ஒரு யோசனை தோன்றியது. தன்னுடைய பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து என் முன்னால் வைத்து, "ஆண்டவரே," என்றார். பிஸ்கட்டுக்கு முழு ஜெபத்தையும் சொன்னேன். டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வார்டில் அன்று எல்லோருக்கும் நான் ஒரு காட்சிப்பொருள். என் வாழ்க்கையில் அவ்வளவு பிஸ்கட் நான் தின்றதில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கு வெட்கமாகவும் இருந்தது. ஏனென்றால் ஐம்பது வருடங்களுக்கு மேலாக அந்த ஜெபத்தை நான் ஒரு நாளும் ஜெபித்தது கிடையாது. சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான். மூச்சு விடாமல், கையைச் சோற்றில் வைத்தபடியே சொல்லி முடிப்பேன். "ஆண்டவருக்கு டிக்கட் கிழிச்சுக் குடுக்கிற மாதிரி இரிக்கி" என்று மனைவி ஏசுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஓடுகிறது என்பதைக் காரணமாக வைத்துக் கோயிலுக்கும் போவதில்லை. நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் தலையைக் காட்டுவதோடு சரி. நான் மதிக்காமல் விட்ட அந்தச் சொற்கள்தான் என்னோடு நின்றன. நான் ஆசைப்பட்டுச் சேர்த்து வைத்த பகிடிகள் ஒன்றும் நிற்கவில்லை.

ஏன் அப்படி என்று எனக்கு விளக்கியவர், பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண். ஏறாவூரைச் சேர்ந்தவர். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு சின்னப் பிளாஸ்டிக் கூடை நிறையப் படங்களோடு வந்து கட்டிலருகே அமர்வார். என் மகளின் வயதுதான்.

"அங்கிள், நாம புதுசாக் கதைக்கிற பேச்சு மூளையில ஒரு இடத்தில இருந்து வருகுது. அந்த இடத்திலதான் உங்களுக்கு அடி. ஆனா காலங்காலமாச் சொல்லிச் சொல்லிப் பழகினது வேற இடத்திலயும் பதிஞ்சிரிக்கும். அந்தக் கதவு பூட்டல்ல. நாம அந்தக் கதவால உள்ளுக்குப் போவம்."

அப்படியே போனோம். வீட்டுக்கு வந்த பிறகு வாரத்தில் இரண்டு நாட்கள் மனைவி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாள். அந்தப் பிள்ளை ஒரு தட்டில் சோறு இருக்கும் படத்தைக் காட்டுவார். நான் மனதுக்குள் "ஆண்டவரே, இந்தச்" என்று தொடங்கி, அடுத்த சொல்லில் வாயைத் திறப்பேன். "சோத்துக்கும்!" தண்ணீர்ப் படம் காட்டினால், சோற்றைத் தாண்டி அடுத்த தரிப்பிடம் வரை ஓட வேண்டும். "கை" என்று சொல்வதற்கு இன்னும் தூரம். "வயிறு" வருவதற்குள் எனக்கு வியர்த்துவிடும். இப்படி ஒவ்வொரு சொல்லையும் ஜெபத்தின் தொடக்கத்திலிருந்து ஓடிப்போய் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

ஜெபத்தில் இல்லாத சொல் வேண்டுமென்றால்தான் கஷ்டம். ஆமாம் என்பதற்கும் "தோத்திரம்", போய் வருகிறேன் என்பதற்கும் "தோத்திரம்". தலைமயிர் வெட்டுகிறவர் "இவ்வளவு காணுமா அண்ணன்?" என்று கேட்க, போதும் என்று சொல்ல நினைத்து "தோத்திரம்" என்றேன். அவர் அதை "இன்னும் வெட்டு" என்று எடுத்துக்கொண்டார். இரண்டு வாரம் தொப்பியோடு திரிந்தேன்.

ஒருநாள் பயிற்சி முடிந்ததும் அந்தப் பிள்ளை சொன்னார்: "அங்கிள், எங்களுக்கும் சாப்பிட முன்னுக்கு ஓதுறது இரிக்கி. ஆனா உங்கட துஆவும் இப்ப எனக்குப் பாடம். நேத்து வீட்ட சாப்பாட்டில குந்தக்குள்ள, பிந்தி வாறவருக்கும் பங்கு வையும் எண்டு என்னையறியாமச் சொல்லிப்போட்டன். எங்கட உம்மா, ஆருக்குடி பங்கு வைக்கச் சொல்றாய் எண்டு கேட்டுச் சிரிக்கிறா."

மனைவி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு இரண்டு பக்கமும் வந்தது என்று மனைவி பிறகு சொன்னாள்.

எல்லா நாளும் அப்படி இருக்கவில்லை. இரண்டாம் மாதம் ஒரு பின்னேரம். மகள் கொழும்பிலிருந்து தொலைபேசியில் கதைத்தாள். "அப்பா, எப்படி இருக்கிறீங்க?" என்றாள். அவளிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தன. வந்தது "தோத்திரம்" மட்டும். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாள் என்று தெரிந்தது. தொலைபேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு வாவிக்கரைக்கு நடந்தேன். வீட்டிலிருந்து சின்னத் தூரம்தான்.

கரையில் ஒரு கவிழ்த்த தோணியில் இருந்தேன். ஆண்டவரோடு சண்டை பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஏன் எனக்கு இது, என்ர பிள்ளையோட ஒரு வார்த்தை கதைக்க விட்டால் உமக்கென்ன குறை என்று கேட்க வேண்டும். வாயைத் திறந்தால், "ஆண்டவரே, இந்தச் சோத்துக்கும் இந்தத் தண்ணிக்கும் தோத்திரம்." ஆத்திரத்தோடு இன்னும் பலமாகத் தொடங்கினேன். அதே சோறு, அதே தண்ணீர். கோபத்தைக்கூடச் சொல்ல வழியில்லை. மூன்றாம் முறை சொல்லும்போது "பசிச்ச வயித்த மறவாதேயும்" என்ற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. அந்த வரியைப் பிறந்ததிலிருந்து சொல்லி வருகிறேன். அன்றுதான் அது என் காதில் விழுந்தது. பசித்திருப்பவன் நான்தான். எனக்காகத்தான் நான் இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மறவாதேயும், மறவாதேயும் என்று அந்த ஒரு சொல்லை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

முழங்கால் தண்ணீரில் வீச்சுவலையோடு நின்ற ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவரை நான் கவனிக்கவே இல்லை.

"அண்ணன், பசிக்கா? வீட்ட சமைக்கல்லியா?" என்று கரைக்கு வந்தார்.

இல்லை என்று தலையாட்டினேன். அவர் நம்பவில்லை. சோறு, தண்ணி, பசித்த வயிறு என்று அத்தனை தரம் கத்திய மனிதனை எப்படி நம்புவார்? கூடையிலிருந்து இரண்டு கை நிறைய இறாலை அள்ளி, என் தொப்பியை வாங்கி அதற்குள் போட்டுத் தந்தார். "கொண்டு போங்க. சுறுக்காச் சமைச்சுத் தின்னுங்க."

"தோத்திரம்," என்றேன். அந்த இரண்டு மாதத்தில் அந்தச் சொல் முதல்முறையாகச் சரியான இடத்தில் விழுந்தது.

தொப்பிக்குள் இறால் துடிக்க வீட்டுக்கு வந்தேன். மனைவி என்னைப் பார்த்தாள், தொப்பியைப் பார்த்தாள், அதை வாங்கிக்கொண்டு சமைக்கக் குசினிக்குப் போனாள். என் கோபம் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. ஆண்டவரிடம் சண்டைக்குப் போய் இறாலோடு திரும்பியவன் எப்படிக் கோபத்தை வைத்திருப்பது? அன்று சாப்பாட்டில் அந்த ஜெபத்தை மிகவும் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். சமைத்த கை என்ற இடத்தில் அந்தக் கையைப் பார்த்தேன். விரலில் இறால் முள் குத்திய இடம் சிவந்திருந்தது.

எங்கள் சபையார் வியாழக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்து ஜெபிப்பார்கள். ஐந்தாறு பெண்கள், போதகர், பிறகு ஒரு சபைச் சகோதரன். அந்தச் சகோதரனைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். நான் எழும்ப முடியாமல் கிடந்த முதல் வாரங்களில், கேட்காமலே வந்து என்னைத் தூக்கிக் குளிப்பாட்டியவன் அவன்தான். தங்கமான மனிதன். ஆனால் ஜெபிக்கத் தொடங்கினால் உலகத்தில் ஒரு நாட்டையும் விடமாட்டான். என் வலது கையில் தொடங்கி, மட்டக்களப்புக்குப் போய், இலங்கையைச் சுற்றி, கடலைத் தாண்டி எங்கோ போய்விடுவான். தேநீர் ஆறிப் பாலாடை கட்டிவிடும்.

ஒரு வியாழன் அவன் பசிபிக் சமுத்திரப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, நான் பலமாக "ஆமென்!" என்றேன்.

அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "அண்ணன், இன்னும் முடியல்ல."

"ஆமென்," என்றேன் மறுபடியும். தேநீரைக் காட்டினேன்.

முதலில் போதகர் சிரித்தார். பிறகு பெண்கள். கடைசியில் அவனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஆண்டவரே, இவருக்குப் பேச்சக் குடும் எண்டு கேட்டது நான்தான். குடுத்துப்போட்டீரே!" என்றான். அதற்குப் பிறகு அவன் இலங்கையோடு நிறுத்திக்கொள்கிறான்.

என் சொந்தச் சொல் ஒன்று வந்தது நான்காம் மாதத்தில். பயிற்சிக்குப் போயிருந்தபோது அந்தப் பிள்ளை மனைவியிடம் கேட்டார்: "அங்கிள் உங்கள எப்படிக் கூப்பிடுவாரு?"

"எங்க பிள்ள கூப்பிட்டாரு? கலியாணம் முடிச்ச நாளில இருந்து பேர் சொன்னதில்ல. இஞ்ச பாரு, இஞ்ச பாரு எண்டுதான். நானும் எத்தின தரம் ஏசியிரிக்கன், எனக்கு அம்மா அப்பா வச்ச பேர் ஒண்டு இரிக்கி எண்டு."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்குள் எங்கேயோ ஒரு பூட்டு அசைந்தது. அப்போது வரவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாட்களுக்குப் பிறகு அவள் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என் சட்டையொன்று காற்றில் கழன்று வேலிக்கு மேலால் போகப் பார்த்தது. ஜெபத்தின் தொடக்கத்திலிருந்து ஓட நேரமில்லை.

"இஞ்ச பாரு!" என்றேன்.

அவள் அப்படியே நின்றாள். சட்டை போய்விட்டது. அதை அவள் பார்க்கவே இல்லை. ஈர உடுப்போடு வந்து என் முன்னால் குந்தி, "இன்னொருக்கா," என்றாள்.

"இஞ்ச பாரு."

"இன்னொருக்கா."

எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. "இனிப் பேரே வேணாம்" என்று சொல்லி அழுதாள். அவள் என் முன்னால் அழுதது அன்றுதான். பக்கத்து வீட்டுக்காரி வேலியடியில் வந்து சட்டையை நீட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றிருக்கிறாள்.

இப்போது ஒன்றரை வருடம். வேலைக்குத் திரும்பவில்லை. கை இன்னும் பாதிதான். பேச்சு வருகிறது, மெதுவாக, சில நேரம் தலைகீழாக. கோழியை வாளி என்பேன். ஆனால் என் சொந்த வார்த்தைகளில் ஜெபிக்க முடிகிறது. நாலு சொல், ஐந்து சொல். கோயிலுக்கு ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். பாட்டுகளில் வாய் தடங்குவதேயில்லை.

புதன்கிழமைகளில் மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். இப்போது நோயாளியாக அல்ல. என்னைப் போலப் பேச்சிழந்தவர்களோடு வந்து இருங்கள் என்று அந்தப் பயிற்சிப் பிள்ளை கேட்டிருந்தார். போன மாதம் அங்கே கரடியனாற்று விவசாயி ஒருவரைக் கண்டேன். எங்கள் பஸ்ஸில் வருகிறவர்தான். எனக்கு வந்த அதே அடி. அவருடைய மனைவி என்னைக் கண்டதும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"கிட்டப் போகாதீங்க அண்ணன். வாயத் திறந்தா ஒரே ஒரு ஊத்த வார்த்தைதான் வருகுது. டொக்டருக்கும் அதான், நேர்சுக்கும் அதான். மாட்ட ஏசி ஏசிப் பழகின வாய்."

அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அந்தச் சொல் வந்தது, தெளிவாக, ஒரு எழுத்துப் பிசகாமல். அவருடைய கண்ணில் இருந்த வெட்கத்தை எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் அமர்ந்து அவருடைய நல்ல கையைப் பிடித்தேன்.

"ஜெபம்... செய்யட்டா?" என்று அவர் மனைவியைக் கேட்டேன்.

"செய்யுங்க. நான் பிள்ளையாருக்கும் நேந்துதான் இரிக்கன். ஆர் கேட்டாலும் கேக்கட்டும்."

"ஆண்டவரே," என்றேன். "இவர்... வாய்... திறவும். பயம்... எடும்." அதற்கு மேல் வரவில்லை. கண்ணை மூடியபடி காத்திருந்தேன்.

என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மிகுந்த பக்தியோடு, அவர் தன்னுடைய சொல்லைச் சொன்னார்.

"ஆமென்," என்றேன் நான்.

அவர் மனைவி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அவரும் சிரித்தார். பாதி முகத்தால்.

நேற்றும் போயிருந்தோம். வாய்க்கால் திறந்து விட்டார்கள், தமையன்தான் வயலைப் பார்க்கிறார் என்று அவர் மனைவி எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இனிப் பயமில்ல. தண்ணி வந்து சேர்ந்திற்று, நம்மட..." என்று அவள் சோற்றுப் பார்சலை அவிழ்ப்பதற்காகப் பேச்சை நிறுத்தினாள்.

"வட்டை," என்றார் அவர், தன் வயல்வெளியைச் சொல்லி.

நாங்கள் எல்லோரும் திரும்பினோம்.

"வட்டை! வட்டை!"

"ஓம், வட்டைதான்! நம்மட வட்டைக்குத் தண்ணி வந்திற்று!" என்று அவள் கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. பயிற்சிப் பிள்ளை கூடையோடு ஓடிவந்தார். விவசாயி எங்கள் ஒவ்வொருவரையும் மாறி மாறிப் பார்த்து, கண்ணீர் வழிய, இன்னொரு முறை "வட்டை" என்றார். பிறகு சந்தோஷம் தாங்காமல் தன்னுடைய பழைய சொல்லையும் சேர்த்துச் சொன்னார்.